கால் போத்தல் எண்ணெயும் ஆணியில் தொங்கிய சாவியும்

தோட்டத்து ஸ்டோர் கிளாக்கருக்கு எஞ்சின் ஓடுகிற நாளில் பெயரே கிடையாது. எஞ்சின் நின்ற நாளில் மலையெல்லாம் அவன் பெயர்தான். பெற்றோல் டின்னைத் திறந்து, மூக்கை வைத்துப் பார்த்து, பெற்றோல் கெட்டுப்போனதைக் கண்டுபிடித்த அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் நீங்கள் என் சொந்தக்காரர். இல்லாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பொறாமைப்பட்டுக்கொண்டே உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

வீடும் பஸ்ஸும்

ஐம்பதுகளின் கடைசியில் பதுளையில் ஒரு பெற்றோல் செட்டில் வண்டிகளுக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டிருந்த என்னை, பசறை ரோட்டிலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஸ்டோர் கிளாக்கராக எடுத்தார்கள். காரணம் என் படிப்பு அல்ல. கொழுந்தில் கொப்புளம் போடுகிற பிளிஸ்டர் நோய்க்கு மருந்தடிக்க, முதுகில் சுமக்கும் எஞ்சின் மெசின்கள் ஆறு அந்தக் கார்த்திகையில் வந்து இறங்கியிருந்தன. அதுவரை கைப்பம்பை அடித்து அடித்து ஆட்களுக்குத் தோள் இறங்கிப் போயிருந்தது. புது மெசினில் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், எஞ்சின் கிளம்பி மருந்தைப் பனி மாதிரி ஊதும். ஒரே ஒரு சங்கடம். மோட்டார் காருக்குப் பெற்றோல் ஒரு இடத்தில், எண்ணெய் ஒரு இடத்தில் ஊற்றுவோம். இந்தச் சின்ன எஞ்சினுக்கு அப்படித் தனி இடம் இல்லை. பெற்றோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். எண்ணெய் கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம், கலவை பழசானாலும் குற்றம். பெற்றோல் செட்டில் நின்றவனுக்கு இதெல்லாம் தெரியும் என்று யாரோ துரையிடம் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். மனைவி ராசம்மா ஹாலிஎலயில் அவளுடைய அம்மா வீட்டில் இருந்தாள். இரண்டே அறை, மூன்று அண்ணன்மார், மூன்று அண்ணிமார், மாமியார், பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால் மச்சான்மாரோடு வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வருவேன். ராசம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்போது இரண்டு வார்த்தை. தோட்டத்திலோ, ஸ்டோரில் மருந்து மூட்டைகளுக்கு நடுவே ஒரு கட்டில் இடம்தான் எனக்கு. ஆனால் சரிவில் ஒரு கிளாக்கர் வீடு காலியாக இருந்தது. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, வாசலில் ஒரு கொய்யா மரம். அதன் சாவி ஆபீசில், பெரிய கிளாக்கரின் நாற்காலிக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கியது.

துரை வெள்ளைக்காரர். பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போதே, வேலைக்கு வேண்டிய தமிழை மட்டும் படித்து வைத்திருந்தார். இந்த மழை முடிந்து, அடுத்த வருசம் மழை தொடங்குகிற நாளில் ஆறு மெசினும் அவர் கண் முன்னால் ஓட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம், சாவி என் கையில். இதை அவர் எனக்கு விளக்கிய விதம் இது: "மெசின் ஓடினா வூடு. மெசின் நின்னா பஸ்."

காசிம் நானாவின் ஆராய்ச்சி

மெசினோடு வந்த எண்ணெய் இரண்டு டின்தான். பத்தாம் நாள் அது தீர்ந்தது. கொழும்பிலிருந்து அடுத்தது வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்; மழையோ நின்ற பாடில்லை. பதுளைக்குப் போய்க் காசிம் நானாவின் கடையில் கேட்டேன். நானா கடையில் இல்லாத எண்ணெய் கிடையாது. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், தையல் மெசின் எண்ணெய், முட்டி வலிக்கு ஓர் எண்ணெய் என்று வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் விரலில் தொட்டு என் மூக்கடியில் நீட்டினார். கடைசியில் ஆமணக்கெண்ணெயில் வந்து நின்றார். சீமையில் பந்தயம் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கே இதுதான் ஊற்றுகிறார்களாம். அந்தக் கதையை நானும் பெற்றோல் செட்டில் கேட்டிருந்தேன். கதை பொய்யில்லை. ஆனால் அந்தப் பந்தயம் கார்த்திகைக் குளிரில் நம்முடைய மலையில் நடக்கவில்லை என்பதை நானாவும் மறந்தார், நானும் மறந்தேன்.

காலைக் குளிரில் ஆமணக்கெண்ணெய் பெற்றோலோடு சேராமல் டின்னின் அடியில் தேன் மாதிரி உட்கார்ந்துகொண்டது. பார்க்காமல் ஊற்றியதில், முதல் மெசின் நாலு வரி தேயிலை தாண்டுவதற்குள் வெண்புகை கக்கிவிட்டு நின்றது. அந்த வாசனை வந்ததுதான் தாமதம், மருந்தடிக்கிற பன்னிரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சின்ன வயதில் வெறும் வயிற்றில் அந்த எண்ணெயைக் குடித்து வளராதவர் அங்கே யாருமில்லை. ஆறுமுகம் என்கிற ஆள் மெசினை முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, எட்ட நின்று கேட்டான்: "ஏங்கய்யா, மெசினுக்குப் பேதிக்குக் குடுத்துட்டீங்களா?"

கால் போத்தல்

சரியான எண்ணெய் கொழும்பிலிருந்து வந்தது. அடுத்த வில்லங்கம் அளவு. இருபத்துநாலு பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று மெசினோடு வந்த தாளில் போட்டிருந்தது. கலனுக்கு ஆறு போத்தல், போத்தலுக்கு நாலு கால். ஆக, ஒரு கலன் பெற்றோலுக்குச் சரியாக ஒரு கால் போத்தல் எண்ணெய். கணக்கு இப்படி வழுக்கிக்கொண்டு வந்ததில் எனக்கே என்மேல் மரியாதை உண்டாகிவிட்டது. ஆனால் நம் ஊரில் கால் போத்தல் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு; அது சாராயக் கடையில் கிடைப்பது. காலியான ஒன்றைத் தேடிப் பிடித்துக் கழுவி, காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தினமும் விடிந்ததும் அது பையில் துருத்திக்கொண்டிருக்க, மலை ஏறுவேன்.

இந்தச் செய்தி எனக்கு முன்னால் ஹாலிஎலக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மச்சான்மார் மூவரும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். ராசம்மா தேத்தண்ணீர் கொண்டுவரவில்லை. மாமியார் மட்டும் எதிரே வந்து உட்கார்ந்து, விடியக் காலையில் போத்தலோடு மலைக்குப் போகிற மருமகன் யாருக்கும் வாய்த்ததில்லை என்று தொடங்கினார். நான் சிரித்துக்கொண்டே போத்தலை எடுத்து, மோந்து பாருங்கள், எண்ணெய்தான் அளக்கிறேன் என்று நீட்டினேன். மாமியார் மோந்தார். முகம் இன்னும் கறுத்தது. "எண்ணெயக் கலந்து குடிக்கிற அளவுக்குப் போயிட்டீங்களா மாப்பிள்ளை?"

துரைக்குப் பிடித்த பனி

மருந்தடிக்கிற ஆட்களுக்குத் தலைவர் முத்துக்கருப்பன் கங்காணி. ஐம்பது வயது, முறுக்கி விட்டால் இரண்டு பக்கமும் காதைத் தொடும் மீசை. நல்ல மனுசர். அவர் மனசு நல்லதாக இருந்ததுதான் எனக்கு வினை. மனுசனே மூச்சு வாங்குகிற மலையில் ஏறி இறங்குகிற மெசினுக்குக் கலனுக்குக் கால் போத்தல் எண்ணெய் எந்த மூலைக்கு என்று அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. ஒரு நாள் நான் பதுளைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அரைப் போத்தலாக ஊற்றிவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது ஐந்தாம் நம்பர் மலை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறு மெசினும் கக்கிய புகை சரிவு முழுக்கப் படர்ந்திருந்தது. புகைக்குள்ளிருந்து இருமல் மட்டும் கேட்டது. நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் பிளக்கில் கரி அப்பி, ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் நின்றுவிட்டன. இதற்கிடையில் எதிர்மலைப் பங்களாவிலிருந்து துரை இதைப் பார்த்து, மருந்து இவ்வளவு நைசாக விழுகிறதே என்று மகிழ்ந்து, பாராட்டி ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். நான் ஆறு பிளக்கையும் கழற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, கங்காணி அந்தத் துண்டை என் முன்னால் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தொரயே சந்தோசமா இருக்காரு, நீங்க எதுக்குங்கய்யா மொகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க?"

துரையின் தொப்பி

மார்கழியில் மெசின்கள் நடுவில் நடுவில் விக்கல் எடுத்து நிற்கத் தொடங்கின. ஒரு கண்ணாடிக் குவளையில் கலவையை ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் தண்ணீர் குண்டு குண்டாக உருண்டது. பாதி டின் பெற்றோலை மூடாமல் தேயிலைச் செடிக்கடியில் வைத்துவிட்டு வேலை பார்த்தால், மழைத் தூறலும் மூடுபனியும் சும்மா விடுமா? டின்னை மூடச் சொன்னேன், மூடினார்கள். உள்ளே போய்விட்ட தண்ணீரை வடிகட்ட வேண்டுமே. நல்ல கம்பளித் தொப்பி ஒன்று கிடைத்தால் பெற்றோல் இறங்கும், தண்ணீர் மேலே நிற்கும். பெற்றோல் செட்டில் அப்படித்தான் செய்வோம்.

தோட்டத்தில் அந்த மாதிரித் தொப்பி இரண்டுதான். ஒன்று துரை தலையில். அவர் போட்டுக் கழித்த மற்றது முத்துக்கருப்பன் கங்காணியிடம். கோயிலுக்குப் போகும்போது மட்டும் போடுவார். ஒரு வாரம் கெஞ்சினேன். துவைத்துத் தருகிறேன் என்றேன், புதுத் தொப்பி வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் மசியவில்லை. கடைசியில், அதே மாதிரி வடிகட்டும் மான் தோல் ஒரு துண்டைப் பதுளையில் தேடி வாங்கி வந்தேன். கங்காணி தன் பக்க நியாயத்தை ஒரே வரியில் சொல்லி முடித்தார்: "தொர குடுத்த தொப்பியில பெற்றோல ஊத்துனா, தொர தலையிலயே ஊத்துன மாதிரிங்கய்யா."

களவு போகாத இடம்

பெரிய கிளாக்கர் நடராசா யாழ்ப்பாணத்துக்காரர். விபூதி கலையாத நெற்றி, மடிப்புக் கலையாத சட்டை. தோட்டத்தில் எந்தச் சாமானும் அவர் கண்ணுக்கு எட்டிய இடத்தில்தான் இருக்க வேண்டும். கலவை டின்கள் ஸ்டோருக்குப் பின்னாலிருந்த திறந்த கொட்டிலில் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. காற்று வேண்டும் ஐயா, பெற்றோலை அடைத்து வைக்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்காமல், எட்டு டின்னையும் ஆபீசுக்குள் கொண்டுவந்து, கடிதக் கட்டுகளுக்குப் பக்கத்தில் அடுக்க வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திப் பூட்டினார்.

மூன்றாம் நாள் காலை. ஆபீசைத் திறந்ததும் பெற்றோல் ஆவி அடித்து எனக்குத் தலை சுற்றியது. பெரிய கிளாக்கர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவர் போல நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துத் துரை, புகைகிற பைப்பை வாயில் வைத்துக்கொண்டு வாசல் படியில் கால் வைத்தார். பெரிய கிளாக்கர் எழும்பிய வேகத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "குட் மோர்னிங்" என்று சொல்லிக்கொண்டே துரையைத் தோளில் கை வைத்துத் திருப்பி, வாசலிலிருந்து இருபது அடி தள்ளிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். துரை போன பிறகு, டின்களை நானும் அவருமாகவே கொட்டிலுக்குச் சுமந்தோம். கடைசி டின்னை வைத்துவிட்டு அவர் நெற்றியைத் துடைத்தார். "களவு போகாத இடமெண்டு உள்ளுக்கு வைப்பிச்சன் தம்பி. கொஞ்சம் விட்டிருந்தா நாங்களெல்லே போயிருப்பம்."

பட்டினி

தை கடைசியில் மழை விட்டது. இனிப் புரட்டாசி வரை மெசினுக்கு வேலை இல்லை. எஞ்சின் கெடுவது பெரும்பாலும் ஓடும்போது அல்ல, சும்மா கிடக்கும்போதுதான். உள்ளே விட்டு வைத்த பெற்றோல் மாதக்கணக்கில் கிடந்தால் காற்றில் பாதி பறந்து, மீதி பிசினாகிவிடும். அதனால் ஆறு மெசினையும் வரிசையாக வைத்து, டேங்கைக் கவிழ்த்து வடித்தேன். கார்புரேட்டரில் ஒட்டியிருக்கும் சொச்சமும் தீரட்டும் என்று, எஞ்சினைக் கிளப்பித் தானாக நிற்கும்வரை ஓட விட்டேன். ஒவ்வொன்றும் ஓடி, இருமி, கடைசி மூச்சு விட்டு அடங்கியது. முத்துக்கருப்பன் கங்காணி சாவு வீட்டில் நிற்பவர் போலத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

மெசின்களைச் சாக்கில் சுற்றி, அவற்றுக்கென்று இருந்த அறையில் வைத்தோம். அறைச் சாவி கங்காணியிடம் இருக்கும், அதுதான் வழக்கம். மீந்த கலவையைக் கொட்டிலில் வைத்துவிட்டு, நான் ஹாலிஎலக்குப் பஸ் ஏறினேன். அந்த முறை ராசம்மா தேத்தண்ணீரோடு கொஞ்ச நேரம் கூடவே நின்றாள். புரட்டாசி வந்தால் நமக்கு வீடு என்றேன். குசினியில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டாள். தோட்டத்திலிருந்து பஸ் ஏறப் புறப்பட்டபோது கங்காணி என்னிடம் கேட்டது எனக்கு அப்போது உறைக்கவில்லை: "ஏழு மாசமும் பட்டினிங்களாய்யா?"

ஆயுத பூசை

புரட்டாசியில் ஆயுத பூசை சனிக்கிழமையில் வந்தது. திங்கட்கிழமை மெசின்களைப் பார்க்க வருவதாகத் துரை சொல்லி அனுப்பியிருந்தார்; பசறைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. சந்தனம் வைக்க வேண்டும் என்று மெசின்களை வெளியே எடுத்தோம். முதல் மெசினைத் தூக்கியபோதே கனத்தது. டேங்க் மூடியைத் திறந்தேன். விளிம்பு வரை பெற்றோல். வார்னிஷ் வாடை மூக்கில் அறைந்தது. அடுத்ததைத் திறந்தேன். ஆறும் விளிம்பு வரை. கார்புரேட்டரைக் கழற்றினால், உள்ளே பலாப்பால் மாதிரிப் பிசின். பெற்றோல் இறங்குகிற ஜெட்டின் துளை, ஊசி முனை அளவுத் துளை, ஆறிலும் அடைபட்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. குசினியில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டவளுக்கு என்ன பதில் சொல்வேன்?

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் ஒரு வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்து நாள் ஊருக்குப் போவதென்றாலும் குடத்தில் தண்ணீரும் டின்னில் ஒரு கை அரிசியும் வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்கள். வெறும் பாத்திரத்தை வைத்துப் பூட்டினால் அந்த வீடு விளங்காது. நான் பஸ் ஏறிய மறுநாளே கங்காணி அறையைத் திறந்து, மீந்த கலவையை ஆறு டேங்கிலும் நிறைத்து, சூடம் காட்டிவிட்டுப் பூட்டியிருக்கிறார். நான் கத்தினேன். இத்தனை மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்துக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஐயாவுக்கு அந்த வூடு கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தாங்க வெளிம்பு வரைக்கும் ஊத்துனேன்."

மீசை

அதற்குப் பிறகு எப்படிக் கத்துவது? மேல் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தோம். பழைய கலவையை எல்லாம் வடித்தோம். டிஸ்பென்சரியில் ஒரு போத்தல் ஸ்பிரிட் வாங்கி, கார்புரேட்டர்களை அதில் ஊற வைத்தோம். பிசின் இளகிவிட்டது, ஜெட்டின் துளை மட்டும் திறக்கவில்லை. கம்பி விட்டால் துளை பெரிதாகி, அந்த மெசின் பிறகு ஆயுளுக்கும் புகைதான் விடும். விளக்குமாற்று ஈர்க்கு உள்ளே போகாது. நூல் வளைந்துகொள்ளும். விறைப்பான முடி ஏதாவது வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவன், கங்காணியின் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு ஆட்களும் பார்த்தார்கள். கங்காணியின் கை தானாக மேலே போய் மீசையைப் பொத்தியது.

துரை கொடுத்த தொப்பியையே தராத மனுசர் அவர். மீசையை ஒரு தரம் கடைசியாக முறுக்கி விட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இடது பக்கத்திலிருந்து ஒரு முடியை அவரே பிடுங்கித் தந்தார். கண்ணில் நீர் வந்தது. முடிக்காகவா, வலிக்காகவா என்று நான் கேட்கவில்லை. இரண்டு முடியைச் சேர்த்து மெழுகில் முறுக்கினால் அருமையான குச்சி. ஆனால் நாலு குத்துக்கு ஒன்று மடங்கிப் போகும். சனி பகலும் ஞாயிறு பகலும் அவர் பிடுங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார், நான் குத்திக்கொண்டே இருந்தேன். நாலாவது மெசின் முடிந்தபோது இடது பக்க மீசையில் மூக்கடியில் மட்டுமே கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டார்: "இன்னும் ரெண்டு மெசினுங்களாய்யா, இல்ல நான் தப்பா எண்ணிட்டேனா?"

திங்கட்கிழமை

புதுப் பெற்றோல், புது எண்ணெய், கலனுக்குக் கால் போத்தல். நானே அளந்து, டின்னைக் குலுக்கி, மான் தோலில் வடித்து ஊற்றினேன். பெரட்டுக் களத்தில் ஆறு மெசினும் வரிசையாக நின்றன. தூறல் விழத் தொடங்கியிருந்தது. துரை வந்தார், பைப்பைப் பற்ற வைக்காமல் வாயில் வைத்திருந்தார். பெரிய கிளாக்கர் முன்னாலேயே போய் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். முதல் மெசின் ஒரே இழுப்பில் கிளம்பியது. அடுத்த நாலும் அப்படியே. ஆறாவது கிளம்பவில்லை. ஆறுமுகம் மூன்று தரம் இழுத்தான். நான் பதுளைப் பக்கம் பஸ் போகிற ரோட்டைப் பார்க்கத் தொடங்கினேன். முத்துக்கருப்பன் கங்காணி முன்னால் வந்து, மெசினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். தட்டுத் தடுமாறி அதுவும் கிளம்பிவிட்டது. அங்கேயே ஒரு மருந்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

துரை மெசின்களைப் பார்க்கவில்லை. கங்காணியின் முகத்தையே பார்த்தார். வலது பக்கம் காது வரை மீசை, இடது பக்கம் ஒன்றுமில்லை. "மெசின் ஓடு. மீசை எங்க?" என்று கேட்டார். "மெசினுக்குள்ள போயிருச்சுங்க தொர" என்றார் கங்காணி. பெரிய கிளாக்கர் இங்கிலீசில் விளக்க விளக்க, துரையின் வாயிலிருந்து பைப் கீழே விழுந்தது. சிரிப்பு அடங்கியதும் ஆபீஸ் பக்கம் கையைக் காட்டினார், பிறகு என்னிடம் திரும்பி, தன்னிடமிருந்த தமிழ் முழுவதையும் செலவழித்தார்: "சாவி எடு. பஸ்ஸுல போ. பொஞ்சாதி கூட்டிட்டு வா."

நிறைந்த வீடு

நல்ல நாள் பார்த்து ராசம்மா வந்தாள். உப்பு, அரிசி, மஞ்சள், நிறைகுடம் எல்லாவற்றையும் வாசற்படியில் வைத்து, மாமியார் முன்னால் போக உள்ளே நுழைந்தோம். ராசம்மா நேரே குசினிக்குப் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். கொய்யா மரம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது, பதினோரு மாதம் மருந்து மூட்டைகளோடு படுத்தது ஒன்றும் பெரிசாகத் தெரியவில்லை.

குத்துவிளக்கை ஏற்றிய கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து வாசலில் நின்றார். ராசம்மாவுக்கு யாரென்று தெரியவில்லை. எனக்கே ஒரு நொடி பிடித்தது. மற்றப் பக்க மீசையையும் எடுத்துவிட்டு வந்திருந்த முத்துக்கருப்பன் கங்காணி. புதுத் துண்டு, துரை தொப்பி, கையில் சந்தனம் வைத்த ஒரு டின். கும்பிட்டுக்கொண்டே உள்ளே வந்து, டின்னைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைக்கக் குனிந்தார். பெற்றோல் வாடை எனக்கு எட்டிவிட்டது. பாய்ந்து பிடுங்கிக்கொண்டு, வாசலைத் தாண்டிக் கொய்யா மரத்தையும் தாண்டி ஓடினேன். கங்காணி பின்னாலேயே வந்து, பெருமையாகச் சொன்னார்: "முட்ட முட்ட ஊத்திக் கொண்டாந்தேங்கய்யா. கலனுக்குக் கால் போத்தல், அளவு தப்பல." என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்த மாமியார், டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார். "வீடு கெடைச்ச அன்னைக்கேவா மாப்பிள்ளை?"

ஆறு எஞ்சினை வெறும் வயிற்றோடு தூங்க வைக்க ஒரு தோட்டத்துக்கே சொல்லிக் கொடுத்த என்னை, அந்த வீட்டில் இருந்த ஏழு வருசமும் ஒரு செம்பைக்கூட வெறுமையாகக் கவிழ்த்து வைக்க ராசம்மா விட்டதே இல்லை.